காவலாளிகள் நின்ற வாசல்

என் மகள் பக்கத்து அறையில் விளையாடுகிறாள். கணினியில் விளையாட்டு, கைபேசியில் அதே விளையாட்டை யாரோ ஆடிக் காட்டும் வீடியோ. எந்தக் கதவுக்குப் பின்னால் எது காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே அலுத்து எழுந்துவிடுகிறாள். தோழி, நீ உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கைபேசியைப் பிடுங்கியிருப்பாய்.

அன்று கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்த நெட் கபேயில், நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில். யுத்தம் கடுமையாகியிருந்த காலம். கொட்டாஞ்சேனை லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்பில் பொலிஸார் உன்னைக் கொண்டுபோய் மறுநாள் விட்டிருந்தார்கள். அதன் பின் வெள்ளவத்தையில் உன் அக்கா வீட்டுக்கு வந்தவள், அந்த ஒழுங்கையைத் தாண்டவேயில்லை. நீ படிப்பித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம், வருவாயா, வேறு ஆளை எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், காலி வீதியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியை நினைத்தாலே உனக்குச் சாப்பாடு இறங்காது.

விளையாட்டுக்குள் மட்டும் எங்கும் போனாய். வெளியில் எந்தச் சந்தியில் மறிக்கிறார்கள், எந்த பஸ்ஸை இறக்குகிறார்கள் என்று கேட்டறிந்துதான் காலை வைத்தோம். விளையாட்டில் நான் வழிக்குறிப்பைத் தேடினால் உனக்குக் கோபம் வரும். "ஆராவது சொல்லித் தந்தா பிறகு எனக்கு என்னடி மிச்சம்?"

மலையடியில் இருந்த கோட்டைக்குள் போக வேண்டும். வாசலில் ஈட்டியோடு காவலாளிகள். கண்டதும் இருவரும் திரும்பி, சதுப்பு நிலத்தால் சுற்றுவோம். அங்கே முதலைகளிடம் செத்துச் செத்துப் பிழைத்தோம். இந்த விளையாட்டின் கடினம் அதுதான் என்று வாரக்கணக்காக நம்பினோம். ஒருநாள், எங்கோ வெளிநாட்டிலிருந்து ஆடிய ஒருவர், ஏன் சதுப்புக்குள்ளால் போகிறீர்கள் என்று எழுதிக் கேட்டார். காவலாளிகள் நிற்கிறார்களே என்று நீ எழுதினாய். மறித்தார்களா என்று கேட்டார்.

நீ திரையில் உன் ஆளை நேரே வாசலுக்கு நடத்தினாய். ஒரு காவலாளி தலை குனிந்து வழிவிட்டான். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"வெளியில எங்களுக்குத் தெரிஞ்சதுதான் எங்களைச் சாக்காட்டினது," என்றாய்.

"அது கேம். வெளியில நிக்கிறவன் தலை குனியமாட்டான்."

"தெரியும். அவன் என்ன செய்வான் எண்டு கிட்டப் போனாத்தானே பாக்கலாம். நாளைக்கு பஸ்ஸில என்னோட வாறியா?"

போனோம். சாவடியில் இறக்கினார்கள். உன் அடையாள அட்டையின் யாழ்ப்பாண முகவரியில் விரலை நிறுத்தி, சிங்களத்தில் நிறையக் கேட்டார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. நீ அடுத்த பஸ்ஸில் ஏறினாய். பிறகு, நோய் உன்னைப் படுக்கையில் விழுத்தும்வரை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்தாய்.

சாவடிகள் போய்விட்டன. எனக்குள்ளிருந்துதான் இன்னும் போகவில்லை. எந்த அலுவலகத்தில் சீருடையைக் கண்டாலும் கால் தானாகத் திரும்புகிறது. எது உண்மையில் மூடியிருந்தது, எதிலிருந்து நான் கேட்காமலே திரும்பினேன் என்று பிரித்தறிய இன்றுவரை தெரியவில்லை. ஆகையால் கிட்டப் போகிறேன், ஒவ்வொரு முறையும்.