தலைப்பிரசவச் செலவு

பெரியநாயக்கன்பாளையம்
4.1.2025

அன்பு அம்மணி மோகனாவுக்கு,

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து உன்னைக் கூட்டிவர நாள் பார்த்தாயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், செலவும் எங்களுடையது. ஆபரேஷன் என்றால் ஒன்றரை லட்சம் ஆகுமாம். கூலிக்கு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி காயில் சுற்றி இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். என் முட்டி வலியைப் பற்றிக் கேட்காதே, அது கிடக்கிறது.

அம்மா, தெய்வாத்தாள்

மியூனிக்
20.1.2025

அம்மாவுக்கு,

நான் வரவில்லை. கோபித்துக்கொள்.

இங்கே ஜெர்மனியில் என் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது வரியும் காப்பீடுமாகப் போய்விடுகிறது. மாதாமாதம் திட்டுவேன். இப்போது திட்டவில்லை. ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் பில் கிடையாது. பிறகு மருத்துவச்சி வீடு தேடி வருவாள். அப்பா வரி கட்டாமல் மிச்சம் பிடித்தேன் என்று மீசையை முறுக்குவார். நீயோ முட்டி ஆபரேஷனை நாலு வருடமாகத் தள்ளிப்போடுகிறாய். எந்தக் கணக்கு மேல், சொல். அந்தப் பணத்தில் முட்டியைச் சரிசெய்.

மோகனப்பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
5.2.2025

கண்ணு,

உன் கடிதத்தை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன், தப்பாகிவிட்டது. "அவ கட்டுன வரியில அவளே பிரசவம் பாத்துக்கிட்டா, பெத்தவங்க நாம எதுக்கு? சம்பந்தி ஊட்டுல தல நிமுந்து பேச முடியுமா?" என்று குதித்தார். நேற்று இரண்டு லட்சத்தையும் உன் கணக்கில் போட்டுவிட்டார். திருப்பி அனுப்பினால் பேச மாட்டாராம். வைத்துக்கொள், சாமி.

அம்மா

மியூனிக்
28.4.2025

அம்மாவுக்கு,

பெண் குழந்தை. ஆபரேஷன்தான், மூன்று நாளில் வீடு வந்தோம். பணம் எங்கே கட்டுவது என்று உங்கள் மாப்பிள்ளை நிதீஷ் கேட்டாராம், நர்ஸ் சிரித்தாளாம்.

பணத்தை அப்பாவுக்கு அனுப்பவில்லை. நீ காட்டும் முட்டி டாக்டரின் ஆஸ்பத்திரியில் உன் பெயரில் கட்டிவிட்டேன். மே பன்னிரண்டு, காலை ஏழு மணி. அப்பா பேசாவிட்டால் போகட்டும். நீ போகாவிட்டால் நான் பேச மாட்டேன்.

மோகனா

பெரியநாயக்கன்பாளையம்
30.5.2025

அன்பு மகளுக்கு,

ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினார்கள். "மக காசுல வைத்தியமா? நா கையெழுத்துப் போடமாட்டேன்" என்று உன் அப்பா திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்க, இது நா காயில் சுத்துன காசுங்க. சீமைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருக்குது, அவ்வளவுதானுங்க" என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். அவர் என் செருப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

இப்போது வாசல் வரை நடக்கிறேன். வலி இருக்கிறது, இருக்கட்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. உன் அப்பாவைக் கேட்கவில்லை. கூட வந்தால் வரட்டும்.

பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்று யாராவது கேட்டால் சொல், தாய்வீடே விமானம் ஏறி வருகிறது என்று.

அம்மா, தெய்வாத்தாள்