திரும்பிப் பார்க்காத பயிற்சி

அன்பானவருக்கு,

தினமும் போனில் கதைத்துவிட்டு இப்படிக் கடிதமும் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். சில விஷயங்களை உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை.

நான் லண்டன் வர நீங்கள் ஒழுங்குசெய்த ஏஜென்சிக்காரர் வவுனியாவில் பாஸ்போர்ட்டைக் காட்டினார். படம் என்னுடையது. பெயர் யாரோ ஒரு தர்மிலாவுடையது.

"போற வழியில எந்த நாட்டிலயும் ஒருத்தருக்கும் உம்மை ஞாபகம் இருக்கக்கூடாது, பிள்ளை. பொட்டு வேண்டாம். ஆரையும் உத்துப் பாராதேயும். சொந்தப் பேரைக் கூப்பிட்டாலும் திரும்பாதேயும்" என்றார். நான் எழுந்து வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார். திரும்பினேன்.

"பிடிபட்டாச்சு!" என்று சிரித்தார். அன்றிலிருந்து திரும்பாமலிருக்கப் பழகிவருகிறேன்.

நேற்று மல்லாவிச் சந்தையில் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "எடியே, காது அடைச்சுப்போச்சோ? சந்தையே திரும்பிப் பாக்குது, நீ பாக்கேல்லை!"

மீன்காரி விடவில்லை. "கம்பஸ் முடிச்ச பிள்ளையெல்லே அக்கா, இனி எங்களைத் தெரியுமே?"

சிரித்துச் சமாளித்தேன். அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் நடிக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று உண்மையாகவே நினைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டச் சான்றிதழில் ஏறிய பெயர், அம்மா கூப்பிட்ட அந்தப் பெயர்தான்.

அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை வருடமானாலும் காத்திருந்து, முறையான விசாவில், என் சொந்தப் பெயரிலேயே உங்களிடம் வருகிறேன்.

உங்கள் மனைவி