பஸ் ஏறிய ஆட்டுக்குட்டி

ஜூலை 21, திங்கள்
ஆடிக் காற்று. மாடியில் காயப் போட்ட பாவாடை பக்கத்து வீட்டு வேப்பமரத்தில். வெள்ளிக்கிழமை மகள் நிலாவுக்குப் பள்ளியில் சோதனை. மூன்றாம் வகுப்பு வந்தும் 'க'வா 'த'வா என்று தடுமாறுகிறாள். எங்கே சிக்கல் என்று பார்த்து, அதற்கேற்பத் தனி வகுப்பு வைப்பார்களாம். டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
இவர்: "புள்ளைக்கு மூளை கம்மின்னு எழுதிக் குடுத்துருவாய்ங்களா?"
எம்.எஸ்சி. முடித்தவள் நான், அப்படியெல்லாம் இல்லை என்றேன். நினைத்தது என்னவோ அதையேதான்.

ஜூலை 22, செவ்வாய்
காஸ் வந்தது. எதிர்வீட்டுப் பர்வீன் அக்கா மகன் இர்ஃபானுக்குப் போன வருடம் இதே சோதனை. முறுக்கு கொடுத்துக் கேட்டேன். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். சிவப்பு வெள்ளைக் கட்டை அடுக்க வேண்டும். கடைசியில் ஆட்டுக்குட்டி பஸ் ஏறும் கதை, ஆறு வரி, வாசிக்க வேண்டும். பையன் அதை அப்படியே ஒப்பித்தான். எழுதிக்கொண்டேன்.
பர்வீன் அக்கா: "ஏம்மா, இதென்ன பரீட்சையா, சொல்லிக் குடுத்து அனுப்ப?"
சிரித்து மழுப்பினேன்.

ஜூலை 24, வியாழன்
தோசைக்கு நடுவே எண்கள். குளிக்கும்போதும் எண்கள். ஆட்டுக்குட்டிக் கதையை இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். எம்புட்டு ஞாபகம் இவளுக்கு! கண்டக்டர் பேசும் இடத்தில் குரலை வேறு மாற்றுகிறாள்.
"தாளப் பாத்துக்கிட்டே சொல்லணும். அண்ணாந்து பாக்கக் கூடாது."
"வெரல வச்சு நகத்திக்கிட்டே சொல்லவாம்மா?"
அது எனக்குக்கூடத் தோன்றவில்லை.

ஜூலை 25, வெள்ளி
வெளியே பெஞ்சில் நான். உள்ளே சிரிப்புச் சத்தம். ஓடி வந்தாள். "எல்லாமே நீ சொன்னதுதாம்மா!"
அவள் வாயைப் பொத்தினேன். பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் ரோஸ்மில்க். இவர் வாடிப்பட்டித் தங்கைக்குப் போனில்: "எம் மகளுக்கு ஒரு கொறையும் இல்லத்தா."

ஜூலை 30, புதன்
சோதனை வைத்த மேடம் கூப்பிட்டார். சின்னப் பெண்தான்.
"நல்ல செய்திங்க. ஞாபகம், யோசனை, வாசிப்பு எல்லாமே வயசுக்கு மேலயே இருக்கு. தனி வகுப்பு தேவையில்ல."
பக்கத்தில் வகுப்பு டீச்சர்: "அப்ப இத்தன நாளும் வேணும்னேதான் வாசிக்காம இருந்திருக்கா. திமிரு. நான் பாத்துக்கிறேன்."
சொல்ல வாய் வரை வந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 31, வியாழன்
போர்டில் இருந்ததை வாசிக்கவில்லை என்று மதியம் வரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். அழவில்லை. "கால் வலிக்குதும்மா" மட்டும். எண்ணெய் தேய்த்துவிட்டேன்.
மேடத்துக்குப் போன். எல்லாம் சொன்னேன்.
"அவளுக்கு எது வரலன்னு பாக்கத்தானங்க வச்சோம்..."
கேள்வியெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால் உடனே திரும்ப வைத்தால் செல்லாதாம். அடுத்த வருடம்தான். தனி வகுப்பிலும் இடம் நிரம்பிவிட்டது. டீச்சரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.
இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி
புளி, சோப்பு, நிலாவுக்கு ரப்பர் வாங்க வேண்டும். தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.
"ஆட்டுக்குட்டி சொல்லிக் குடுத்தேல்ல, அதே மாதிரி இதையும் சொல்லும்மா. திங்கக்கெழம வாசிச்சுருவேன். வெளிய நிக்க வேண்டாம்ல?"
முதல் வரியைச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். விரலும் நகர்ந்தது, படத்துக்குக் கீழே, எழுத்தே இல்லாத இடத்தில்.