துண்டுக்குள் ஒரு காட்சி

அன்புள்ள அப்பாவுக்கு, ஏஞ்சலினின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? சென்னையில் நான் நலம்.

நான் எழுதும் வெப் சீரிஸில் நம் அய்யலூர் ஆட்டுச் சந்தை வருகிறது. துண்டுக்குள் விரல் பிடித்து, வாய் திறக்காமலே விலை சொல்லி நீங்கள் தரகு பேசுவதை அப்படியே எழுதினேன். "வசனமே இல்லாத சீனை யாரு பார்ப்பாங்க?" என்று டைரக்டர் அதை வெட்டப் பார்த்தார். கோபத்தில் அவர் கைமேல் என் துப்பட்டாவைப் போட்டு, உள்ளே அவர் விரலைப் பிடித்து ஓர் ஆட்டுக்கு விலை கேட்டேன். அவர் கட்டாது என்று தலையாட்ட, நான் மறுபடி விரலை அழுத்த, அறையில் ஒருவரும் கண்ணெடுக்கவில்லை. "முதல் எபிசோடே இதுல தொடங்குது" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஷூட்டிங்குக்கு உங்கள் பச்சைத் துண்டு வேண்டும். புதுசு வாங்காதீர்கள். அம்மாவைத் துவைக்கவும் விடாதீர்கள். ஆட்டு வாடை கேமராவில் தெரியாதுதான். இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ஏஞ்சலின்