நடக்கும்போது தொடு

பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தை இன்று காலை கழித்தார்கள். வெட்டிய கிளைகள் எங்கள் கேட்டருகே குவிந்து கிடந்தன. ஓர் இலையைக் கசக்கி மோந்தேன். அவ்வளவுதான், மடி நிறையக் கொய்யாக் கிளைகளுடன் அல்சூர் பஸ்ஸில் என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். “வீட்ல ஆடு வளக்குறீங்களா மேடம்?” என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டார். “இல்லப்பா, குச்சிப்பூச்சி” என்று பெருமையாகச் சொன்னாய். அதற்கப்புறம் அவர் நம் சீட் பக்கமே வரவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூச்சிகளுக்கு நீதான் எல்லாம். காய்ந்த குச்சி மாதிரிக் கிடக்கும் ஒன்றை எடுத்து, அதன் கால் நரம்பில் மெல்லிய கம்பியைப் பொருத்தி ஸ்பீக்கரைப் போடுவாய். கால் மூட்டை இலேசாக மடக்கினால் ஸ்பீக்கர் படபடவென்று பொரியும். தொடைக்குள் இருக்கும் சின்ன நரம்புக் கொத்து பேசுகிறது என்பாய். அதில் சில நரம்புகள் மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்லும். சில, அது அசையும்போது மட்டும் வாய் திறக்கும். சில, தரையின் அதிர்வைக்கூட விடாது. பார்க்காமலே பூச்சிக்குத் தன் கால் இருக்கும் இடம் தெரிவது இப்படித்தான். நீ பதிவு செய்ததை வரைபடமாக்குவது என் வேலை. எனக்கு அந்தச் சத்தம் கடுகு தாளிப்பது போலத்தான் கேட்டது. அதைச் சொல்லப்போய், அன்று மத்தியானம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து நோயை அடக்கியது, கூடவே பாதங்களின் உணர்ச்சியையும் கொண்டுபோய்விட்டது. “கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்குறேன்டி. என் பூச்சிங்களுக்குத் தெரிஞ்சா சிரிக்கும்” என்றாய். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மகளின் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத பெண். ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் சர்ச்சின் வாசலிலிருந்து முன்னாலிருக்கும் ஆல்டர் பீடம் வரை அவளை நீயே கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஸ்டிக் இல்லாமல், தலை நிமிர்ந்து, என்று ஒற்றைக்காலில் நின்றாய். கட்டையான குதிகால் வைத்த செருப்பு ஒன்று வாங்கினாய். பாதம் சொல்லாததைக் காது சொல்லட்டும் என்பது உன் யோசனை. ஆய்வுக்கூட வராந்தாவில் டக், டக் என்று நடந்து பழகினாய்.

நான்தான் எதையும் பாய்ந்து பிடிக்கிறவள் ஆயிற்றே. நீ சுவரருகே நின்று அடுத்த அடிக்கு யோசித்தபோது, விழப் போகிறாய் என்று முழங்கையைப் பற்றி இழுத்தேன். உன் உடம்பு விறைத்து எதிர்ப்பக்கம் தள்ளியது. இருவரும் சுவரில் மோதினோம்.

“சும்னே இருடி! நிக்கிற பூச்சியோட காலைத் தள்ளினா எதிர்த்துத் தள்ளும். நடக்குறப்ப தள்ளினா, தள்ளுற பக்கமே சேர்ந்து போகும். நரம்பு சொல்ற சேதி ஒண்ணுதான். பூச்சி என்ன செஞ்சிட்டிருக்குன்றதுதான் வேற. நான் மொதல்ல ஒரு அடி வெக்கிறேன். அப்புறம் தொடு.”

கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் நுழைந்தால், நடுவில் நீளமாகச் சிவப்புக் கார்பெட். செருப்புச் சத்தத்தை அது அப்படியே விழுங்கிவிடும். “கார்பெட் பேடா, தெகீரி!” என்று கன்னடத்தில் கத்தினேன், வேண்டாம், எடுங்கள் என்று. “போட்டோல நல்லா வராது மேடம்” என்றார் டெகரேஷன்காரர். அவரோடு சண்டை போட்டு, நானே ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினேன். வெறும் தரை வந்தது. நீ வாசலில் நின்று எனக்குக் கண்ணடித்தாய்.

நரம்பு, மூளை என்று பக்கம் பக்கமாக எழுதிய நம் இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. மணப்பெண் உள்ளே வரும்போது கீபோர்டு வாசிப்பார்கள்.

பாதி தூரம் வந்திருந்தாய். இசை கூரை வரை நிறைந்தது. உன் செருப்புச் சத்தம் அதில் மூழ்கிப்போனது. நின்றுவிட்டாய். தலை மட்டும் குனியவில்லை. மகள் பயந்துபோய் உன் கையை இறுக்கினாள். உன் தோள் விறைப்பதை என் இடத்திலிருந்தே பார்த்தேன். ஓடிவந்து பிடிக்க என் உடம்பெல்லாம் துடித்தது. பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மற்றக் கையை அவளுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினேன். விடு.

அவள் விட்டாள். காலும் சொல்லாமல், காதும் கேட்காமல், கண்ணும் பார்க்காமல் நீ ஓர் அடி வைத்தாய். அப்புறம்தான் அவள் உன் முழங்கையைத் தொட்டாள். நீ அவளோடு சேர்ந்து போனாய், ஆல்டர் வரை. அம்மா மகளைக் கூட்டிப்போகிறாள் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அது பொய்யும் இல்லை.

இப்போதும் என் கை முந்திக்கொண்டுதான் போகிறது. பஸ்ஸிலிருந்து யாராவது தடுமாறி இறங்கினால் பாய்கிறது. பாதியில் நிறுத்தி, விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் ஓர் அடி வைக்கும்வரை பொறுத்திருக்கிறேன். அந்தப் பொறுமை என்னுடையதில்லை, நீ கொடுத்துவிட்டுப் போனது.

நோய் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியில், கடைசி நாளில் மட்டும், நான் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எதிர்த்துத் தள்ளுவாய் என்று காத்திருந்தேன். நீ தள்ளவே இல்லை.