முதல் நாற்காலியும் கடைசி வரியும்

மார்ச் 4, செவ்வாய்

சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆறு பாகம். வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியமான டபுள் பாஸ் வாசிப்பவர்களோடு ஆறு உரையாடல். பாட்காஸ்ட் கம்பெனியின் தலைவி என் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "வயலின்காரங்க யாரும் கிடைக்கலையா?" என்றார். கிடைப்பார்கள். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் வயலின்காரர் மேல்தான் விழ வேண்டும். எனக்கு அவர்கள் வேண்டாம்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. போன மாதம் மனைவி ஓசி டிக்கெட்டில் கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். விளக்கு அணைந்ததும் தூங்கிவிட்டாள். நான் மேடையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைவிட உயரமான டபுள் பாஸைக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர். மொத்த இசைக்குழுவின் முதுகும் அவர்களுக்குத் தெரிகிறது. யார் கோட்டில் தையல் விட்டிருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை, யார் வாசிப்பதுபோல் பாவனை செய்கிறார் — எல்லாம். வம்பு கேட்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு வயிறு எரியாதா?

தலைவி ஒரு நிபந்தனை போட்டார். நகர இசைக்குழுவில் டபுள் பாஸ் வரிசைக்குத் தலைவர், அதாவது முதல் நாற்காலிக்காரர், கட்டாயம் வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே டபுள் பாஸ் முகம் அவருடையதுதான். "அவர் இல்லாம ஒரு பாகம்கூட வெளிய போகாது."

பத்திரிகையில் என் நகைச்சுவைப் பத்தியை நிறுத்தி ஒரு வருடமாகிறது. அதுமுதல் என் ஜோக்குகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே ரசிகை என் மனைவி. அவள் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துத்தான் பழக்கம், தன் வாயைத் திறந்து சிரித்துப் பழக்கமில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் எனக்கு அடுத்தது என்று ஒன்றுமில்லை. விடமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து டபுள் பாஸ்காரர்களுக்குப் போன். பேசிய ஒவ்வொருவரும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரே ஜோக்கைச் சொல்கிறார்கள்: "பேசாம தூக்கறதுக்கு லேசா புல்லாங்குழல் கத்துக்கிட்டிருக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க சார், ஹிஹி." புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். புல்லாங்குழல் என்று யார் வாயில் வந்தாலும் அவர் பெயர் அடிக்கப்படும்.

ஒலிப்பதிவு மச்சினன் பொறுப்பு. சினிமா ஸ்டுடியோவில் இருபது வருடம் காதைத் தேய்த்தவன். "அத்தான், இப்படியே போனா கடைசில நீங்களும் நானும்தான் மைக் முன்னாடி உக்காரணும்."

மார்ச் 8, சனி

இரண்டு பேர் தேறினார்கள்.

ஒருவருக்கு மாடிப்படி என்று பெயர் வைத்திருக்கிறேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவாராம். அதனால் ஒவ்வொரு வீட்டுச் சண்டையும் அத்துப்படி. மறுபேச்சில்லாமல் தேர்வு.

அடுத்தது ஒரு தம்பதி. இருவருமே டபுள் பாஸ். வீட்டில் ஒரே படுக்கையறை, அதில் இரண்டு வாத்தியமும். விருந்தாளி வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "வந்து எட்டிப் பாப்பாங்க சார். அவங்களாவே கெளம்பிடுவாங்க" என்றார் மனைவி. கணவர் பின்னாலிருந்து, "உங்க அண்ணன் மட்டும் கெளம்பல" என்றார். தேர்வு, தேர்வு.

வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஒருவரோடும் பேசினேன். எது கேட்டாலும் "ஆமாம்." ஆமாம் என்று சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டேன். "அப்படியும் சொல்லலாம்" என்றார். கும்பிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! முதல் பாகத்துக்கு இவர்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அம்மா, என் வயசு இருக்கும். முன்பு நகர இசைக்குழுவில் இருந்தவர். இப்போது நாலு பேர் சேர்ந்த ஒரு சின்னக் குழுவில் வாசிக்கிறார். நான் போய் நின்றதும் வணக்கத்துக்கு முன்னால் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "இடது பக்கமா சாஞ்சு படுத்து டிவி பாப்பீங்களா?" பார்ப்பேன். கம்பியை நிமிர்த்திக்கொண்டே பேசினார். வயலின்காரர் கோபம் வந்தால் எழுந்து போய்விடலாம், டபுள் பாஸ்காரர் கோபப்பட்டால்கூட உறை மாட்டி, ஜிப் இழுத்து, சக்கரம் பூட்டி, வாசல் கதவை யாராவது பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, "தேங்க்ஸ்" வேறு சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். "அதுக்குள்ள கோவம் ஆறிடும் சார். எங்க ஆளுங்க நல்லவங்கன்னு பேர் வாங்குனது இப்படித்தான்."

நகைச்சுவையில் என்னை ஒருவர் மிஞ்சுவது எனக்குப் பிடிக்காது. இவர் மிஞ்சினார். பிடித்திருந்தது. புல்லாங்குழல் வாயிலேயே வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

முதல் நாற்காலியை ஒத்திகைக்கூடத்தின் கேன்டீனில் சந்தித்தேன். வெள்ளிக் கம்பி முடி, அழகான கைகள், என் பழைய பத்திகளைப் படித்திருக்கிறார் (நான் அப்படியே உருகிவிட்டேன்). ஒப்புக்கொண்டார். தேதிகூடச் சொன்னார். கிளம்பும்போது, "வேற யாரெல்லாம் வராங்க?" என்று சும்மா கேட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? மாடிப்படி, தம்பதி, கண்ணாடிக் கடை அம்மா என்று வரிசையாக ஒப்பித்தேன்.

டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவங்க வரதா இருந்தா நான் இல்ல."

ஏன் சார்?

"நான் இல்ல. அவ்வளவுதான்."

மார்ச் 15, சனி

தூக்கமில்லை. தொடர் போய்விடுமே என்ற கவலை பாதி. அவர்களுக்குள் என்ன நடந்தது என்று தெரியாத அரிப்பு மீதி. உண்மையைச் சொன்னால் மீதிதான் பெரிசு.

மனைவி: "காதலா இருக்கும்." மச்சினன்: "இல்லக்கா, வாசிக்கற வில்லு திருட்டு. நல்ல வில்லுக்கு ஆளுங்க கொலையே பண்ணுவாங்க." மாடிப்படியிடம் நாசூக்காகக் கேட்டேன். நாலு மாடி வம்பும் தெரிந்த மனிதர், "அது அவங்க விஷயம் சார்" என்றார். நல்லவர்களோடு பழகுவது இவ்வளவு கஷ்டமா?

மார்ச் 17, திங்கள்

தலைவிக்கு ஒரு நொடிகூட யோசனை இல்லை. "கண்ணாடிக் கடையா, முதல் நாற்காலியா? இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தம்மாவ எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

சொல்லிவிடலாம்தான். அவருக்குப் போன் செய்து, "நேரம் சரியா அமையல மேடம்" என்று இழுத்தால் புரிந்துகொள்வார். மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் கண்ணாடி மூக்கில் அத்தனை சரியாக உட்கார்ந்திருந்தது.

அவரைத் தொடரிலிருந்து எடுக்கமாட்டேன். ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று எனக்காவது தெரிய வேண்டும்.

மார்ச் 19, புதன்

தெரிந்துவிட்டது. கடை மூடும் நேரம் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாற்காலிக்காரர் போட்ட நிபந்தனையையும். அந்த அம்மா ஒரு தட்டு நிறைய கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இசைக்குழுவில் இரண்டு பேருக்குச் சேர்த்து, இசைக்குறிப்பு வைக்க ஒரு ஸ்டாண்ட். வெளிப்பக்கம் நிற்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். உள்பக்கம் நிற்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். திருப்ப வேண்டுமானால் வில்லை நிறுத்த வேண்டும். முதல் ஸ்டாண்டில் முதல் நாற்காலிக்காரர் வெளிப்பக்கம், இந்த அம்மா உள்பக்கம். பதினோரு வருடம்.

"ஒரு சிம்பொனி, வருஷா வருஷம் போடுவோம். அதுல ஒரே ஒரு எடத்துல மெட்டு எங்க கைக்கு வரும். மத்த நேரமெல்லாம் உம் உம்னு அடிப்போமே, அங்க மட்டும் நாங்கதான் பாடுவோம். அது பக்கத்தோட கடைசி வரி சார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது, பக்கம் திருப்ப வேண்டிய நேரமும் அதுதான்.

"அப்ப நீங்க அத..."

"ஒரு தடவகூட வாசிச்சதில்ல. ஒரே ஒரு ராத்திரி நீங்க திருப்புங்களேன்னு கேட்டேன். வெளிப்பக்கம் திருப்புறது வழக்கமில்லன்னுட்டாரு. தப்பு சொல்லல, வழக்கம் அப்படித்தான். மறு வருஷமும் கேட்டேன். அதுக்கடுத்த வருஷம் கேக்கல. வாசிச்சுட்டேன்."

"பக்கம்?"

"யாரும் திருப்பல." சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு சட்டத்தை எடுத்தார். "அவரு பதறிப்போய்த் திருப்பினாரு. ரெண்டு பக்கம் சேந்து திரும்பிடுச்சு. அடுத்து மொத்தக் குழுவும் நிசப்தமா நிக்கணும். அங்க அவரு மட்டும், முழு வில்லு போட்டு, ஓங்கி..."

"எப்படி இருந்துச்சு?"

"கப்பல் சங்கு ஊதிக் கெளம்புற மாதிரி."

அரங்கமே சிரித்ததாம். குழுவை நடத்தும் கண்டக்டர் உட்பட. மறுநாள் முதல் அவர் இவரோடு நிற்க மறுத்துவிட்டார். இவரைக் கடைசி ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு இவர் விலகிவிட்டார்.

நான் கண்ணீர் வரச் சிரித்தேன். பாதியில் நிறுத்தினேன், ஏனென்றால் அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அவர ஊரே சிரிச்சதுக்கு எனக்கு வருத்தம் உண்டு சார். மன்னிப்பும் கேட்டாச்சு. அந்த ஒரு வரிக்கு வருத்தம் இல்ல. வருத்தம்னு சொல்லுங்கன்னாங்க, சொல்லல." பிறகு, "இத நீங்க ஒலிபரப்பக் கூடாது. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. அவருக்கு இன்னும் ஆறல போலருக்கு."

என் ஆயுளில் கேட்ட ஆகச்சிறந்த வம்பு. அதை விழுங்கச் சொல்கிறார்! என்னை!

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்ன காரியம் செய்தேன்?

மார்ச் 21, வெள்ளி

தலைவியிடம்: "அந்தம்மா இருப்பாங்க. முதல் பாகமே அவங்கதான்."

"காரணம்?"

சொன்னால் அந்த நிமிடமே என் பக்கம் வந்துவிடுவார். நாக்கு நுனியில் கப்பல் நின்றுகொண்டிருந்தது. "நல்லா பேசுவாங்க" என்றேன்.

காலண்டரைப் புரட்டினார். "ஏப்ரல்ல ஒரு ஞாயிறு காலியா இருக்கு, அவர் இல்லாமலே ஒரே ஒரு பாகம் பண்ணுங்க. யாரும் கேக்கலைன்னா அதோட சரி. என்கிட்ட வந்து நிக்காதீங்க."

நிற்கமாட்டேன்.

மார்ச் 22, சனி

மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று. மீன் முள்ளைத் தேடும் பூனைபோலச் சுற்றி வருகிறாள். "ஒரு கோடு போடுங்க, மீதிய நானே புரிஞ்சுக்கறேன்." மயக்க ஊசி போட்டுக் கேட்டாலும் சொல்லமாட்டேன் என்றேன். யோசித்தாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

முதல் நாற்காலிக்கு நானே போன் செய்தேன். வேறு யார் மூலமாவது தெரிவது அழகில்லை. அவங்கதான் முதல் பாகம் என்றேன்.

"சொல்லிட்டாங்களா?" குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

"சொன்னாங்க. வெளிய வரக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"உங்க பத்தியெல்லாம் படிச்சிருக்கேன். நீங்களாவது, சொல்லாம இருக்கறதாவது."

சுருக்கென்று இருந்தது. நியாயமாகவும் இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் வரவேற்பறையில் பதிவு. மச்சினன் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தான். துணி காயப்போட்ட வீட்டில் திருடன் நுழைந்த மாதிரி அதற்குள் டபுள் பாஸ் நுழைந்தது. சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினோம். அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் பேசினார். ஸ்டாண்டில் கூட நின்றவரைப் பற்றிக் கேட்டே தீர வேண்டியிருந்தது, கேட்காவிட்டால் விட்டது தெரியும். கேட்டேன். தயங்காமல், "அவரு வில்லு போடறத பக்கத்துல நின்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டவ" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் ஏதாவது வாசியுங்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வரி வாசித்தார். ஒரே ஒரு வரி. நாற்காலியின் கால்வழியாக என் முழங்காலுக்கு ஏறியது. மச்சினன், "இது என்ன பாட்டு மேடம்?" என்றான். "ஒரு பாட்டோட நடுவுல வரும்" என்றார்.

அது எந்த வரி என்று எனக்குத் தெரியும். தலைவி, மனைவி, இப்போது மச்சினன்: மூன்றாவது தடவையாக விழுங்கினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் பாகம் வெளியானது. நானே ஆறு தடவை கேட்டேன், எண்ணிக்கை ஏறட்டும் என்று.

ஏப்ரல் 18, வெள்ளி

தலைவி: "பரவாயில்லையே. அந்த கோவம்-ஜிப் விஷயத்த ஆபீஸ்ல எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. மிச்ச அஞ்சையும் பண்ணிடுங்க."

பண்ணிடுங்க! கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

ஏப்ரல் 26, சனி

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. வாசலில் முதல் நாற்காலி, வாத்தியத்தோடு. முன்கூட்டிப் போன் இல்லை, ஒன்றுமில்லை. "பக்கத்துல நின்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு, "மைக் எங்க?"

நல்லவேளை, மனைவி கிளினிக்கில். மச்சினன் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். நான் முதல் கேள்வியைத் தொடங்குவதற்குள் மனிதர் கப்பலைத் தானே கிளப்பிவிட்டார். முழு வில் போட்டு வாசித்தும் காட்டினார். மச்சினனுக்குச் சிரிப்பில் ஹெட்ஃபோன் கழன்று விழுந்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. சிரிப்பு நின்றதும், "அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க" என்றார்.

கடைக்குப் போன் செய்தேன். அந்த அம்மா யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரே சொன்னா சொல்லட்டும் சார். ஆனா கடைசி வரிய நான் நல்லா வாசிச்சேனான்னு மட்டும் கேளுங்க."

கேட்டேன். முதல் நாற்காலி வில்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதக் கேட்டுக்கிட்டே பக்கத்த மறந்து நின்னுட்டேன், அதான் பதறித் திருப்பினேன்னு சொல்லுங்க" என்றார்.

மே 11, ஞாயிறு

முதல் நாற்காலி பாகம் இன்று வெளியானது. மனைவி சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கப்பல் வந்த இடத்தில் குழாயை மூடினாள். முடியும்வரை அப்படியே நின்றாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச்சுல."

"மார்ச்சுலயா? என்கிட்டகூடச் சொல்லலயா?"

"சொல்லல."

பாராட்டுவாள் என்று நினைத்தேன். ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கீங்க?"