ஜன்னலோரம் நின்றவர் காலி செய்த விவரம்

அன்பு மகளுக்கு,

சாவியம்மாவுக்கு மாடி முன்னறையைக் கொடுத்துவிட்டேன், காரணம் நீ படிப்புக்காக எழுதி எனக்கு அனுப்பிய கட்டுரை. நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கடையும் ஓடுகிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நீ வளர்ந்த பிறகு சாவியம்மாவை நாம் வாங்கிப்போட்ட பழைய வீட்டுக்குக் காவல் வைத்தோமே, அவள் பார்த்துக்கொள்ளும் லட்சணத்தில் குறை சொல்ல முடியாது. தரையில் முகம் பார்க்கலாம், ஒரு குழாய் சொட்டாது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு அறை அறையாகக் காட்டுவாள், மாடி ஏறியதும் மட்டும் குரலைத் தாழ்த்தி, செத்துப்போன பழைய சொந்தக்காரர் சாயங்காலமானா இந்த ஜன்னலோரம் வந்து நிப்பாருங்க, தொந்தரவு எல்லாம் கிடையாது என்று சொல்லிவிடுவாள். ஒளிக்கக் கூடாதாம். நானும் என் டைல்ஸ் கடையில் கீறல் விழுந்த பெட்டியைச் சொல்லித்தான் விற்கிறேன், ஆனால் அதைக் கேட்டு யாரும் செருப்பை விட்டுவிட்டு ஓடியதில்லை. கடைசியாக ஒரு பல் டாக்டர் கீழ்வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், மாடி பார்க்க மறுபடி வருவதாகச் சொன்னார். இவரையும் ஓட்டினால் அவளை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் கட்டுரை வந்தது.

ஏதோ ஒரு பேய்க்கதையில் பூட்டிய மாளிகையைக் காவல் காக்கிற வேலைக்காரிக்குப் பைத்தியமா இல்லையா என்று நாற்பது பக்கம். தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று கேட்க முடியாமல் அடக்கிவைத்த ஆசைதான் செத்த எஜமான் உருவில் வந்து நின்றது என்று முடித்திருக்கிறாய். வீட்டை எட்டிப் பார்க்காத முதலாளியை நடுவில் பிடிபிடியென்று பிடித்திருக்கிறாயே, அங்கே எனக்குக் காது சுட்டது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இதை வைத்தே நம் பேயை ஓட்டலாம் என்று சாவியம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், நம்ம பாப்பாவா இதைக் கண்டுபிடிச்சுது என்று பூரித்துப்போனாள். அப்ப ஆசை தீந்தா அவர் போயிடுவாரா என்றாள். போய்விடுவார் என்று வியாபாரி வாயால் உத்தரவாதம் கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். யோசிச்சுப் பாத்தேன் முதலாளியம்மா, எனக்கு என்ன ஆசைன்னு தெரிஞ்சுபோச்சு, படிக்கட்டுக்கு அடியில படுத்துப் படுத்து முதுகு போச்சு, அந்த ஜன்னல் ரூம் வேணும் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள், அதுவும் என் மகள் கையெழுத்துப் போட்ட சிபாரிசோடு. கட்டிலை மாடிக்கு ஏற்றிய அன்றே பேய் காலி. இப்போது சாயங்காலமானால் ஜன்னலோரம் அவள் நிற்கிறாள், தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நடையை எட்டிப் போடுகிறார்கள்.

உன் பேராசிரியரிடம் இதைச் சொல்லிவைக்காதே, எனக்கும் ஒரு ஆசையைக் கண்டுபிடித்துத் தருவார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சாவியம்மாவுக்கு மறக்காமல் போன் பண்ணு. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு.

பேசி முடித்தது இதுதான். கீழ்வீடு டாக்டருக்கு, மாடி சேராததால் கேட்ட வாடகையில் கால் பங்கு குறைவு. ஜன்னல் அறை சாவியம்மாவுக்கு, அவள் இருக்கும்வரை, வாடகை கிடையாது. அவள் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை: நீ லீவில் வரும்போது முதல் நாள் அவள் அறையில்தான் தங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என் வீடு. பேரம் பேசிப் பார்த்தேன், அவள் இறங்கவில்லை, ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
அம்மா